அனுபவத்துக்கு மதிப்பெண் இல்லை: மதுரையில் தொடக்கப் பள்ளி வேலை தேடும் ஆண் ஆசிரியர்கள்

"ஒண்ணு முதல் அஞ்சு வரைக்குமா? அதெல்லாம் இப்ப லேடீஸுக்குத்தான் சார்." மதுரையில் ஆசிரியர் வேலை தேடும் ஆண்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், இந்த வாக்கியம் வந்துவிடும். டி.டி.எட். என்ற ஆசிரியர் பட்டயம் முடித்து, தனியார் பள்ளிகளில் பத்துப் பதினைந்து ஆண்டு ஓட்டி, நாற்பதைத் தாண்டிய பிறகு நிலையான ஓர் இடத்துக்கு அலைகிறவர்கள் சலிப்போடு சொல்வது இது. தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் தவறு. அங்கே ஆணாக இருப்பதைவிட அனுபவசாலியாக இருப்பதுதான் சிக்கல், ஏனென்றால் அந்த அனுபவத்துக்குத் தேர்வு முறையில் இடமே கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, முயன்றால் கிடைக்கக்கூடியதையும் பலர் முயலாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அரசு வேலை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர் இடைநிலை ஆசிரியர். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு ஆசிரியர் பட்டயம் படித்திருக்க வேண்டும். பி.எட். மட்டும் வைத்திருப்பவர் தொடக்க வகுப்புகளுக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்த்துச் சொல்லிவிட்டது. பட்டயம் படித்த நம் ஆட்களுக்கு இது சாதகமான தீர்ப்புதான். போட்டிக்கு நின்ற கூட்டத்தில் ஒரு பகுதி அதோடு விலகிவிட்டது.

2012க்கு முன்னால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புதான் எல்லாம். எப்போது பதிந்தீர்கள், உங்கள் இனச்சுழற்சியில் (சாதிப் பிரிவு வாரியாக இடம் தரும் வரிசையில்) எப்போது முறை வரும் என்று காத்திருக்க வேண்டும். கடிதம் வரும்வரை தனியார் பள்ளியில் வேலை பார்ப்பது அந்தத் தலைமுறையின் வாழ்க்கை முறை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் அறிவித்தது. தமிழ்நாட்டில் முதல் டெட் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதோடு மூப்பு முறைக்கு முற்றுப்புள்ளி. பாதி வரிசையில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் வரிசையே கிடையாது என்று சொன்ன மாதிரி ஆயிற்று.

அதற்குப் பிறகு வந்த வெயிட்டேஜ் முறை இன்னும் கொடுமை. 2014இல் டெட் மதிப்பெண்ணுக்கு 60 விழுக்காடு, மீதி 40 விழுக்காடு பிளஸ் டூ, பட்டய மதிப்பெண்களுக்கு என்று வைத்தார்கள். 1990களில் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர் 1200க்கு 750 வாங்கியிருந்தால் ஊரே பாராட்டியிருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் படித்தவர்களுக்கு ஆயிரத்துக்கு மேல் என்பது சாதாரணம். இரண்டு பேரும் டெட்டில் ஒரே மதிப்பெண் எடுத்தாலும் மூத்தவர் பட்டியலில் கீழே போவார். அவர் வகுப்பறையில் கழித்த ஆண்டுகளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை, பதினேழு வயதில் எழுதிய பரீட்சைக்கு மட்டும் கணக்கு உண்டு. ஆண்களைக் குறிவைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் வயதானவர்களை இது தாக்கியது, அவர்களில் கணிசமானவர்கள் ஆண்கள்.

2018இல் வந்த அரசாணை 149 வெயிட்டேஜை நீக்கியது. டெட் வெறும் தகுதி, வேலைக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு என்றானது. அந்தத் தேர்வு உண்மையில் நடக்க 2024 ஜூலை 21 வரை ஆயிற்று. 2,768 இடங்கள். அதற்கு முன் இடைநிலை ஆசிரியர்களை நேரடியாக எடுத்தது 2014 வாக்கில். நடுவே பத்தாண்டு வறட்சி. 2013 டெட்டில் தேறியவர் இந்தப் பத்தாண்டில் முப்பதிலிருந்து நாற்பதுக்கு வந்துவிட்டார். ஏழாண்டுதான் என்றிருந்த டெட் சான்றிதழை 2021இல் ஆயுட்காலத்துக்கும் செல்லும் என்று மாற்றியதும், வயது உச்சவரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியதும் இவர்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

ஆகவே இன்றைய நிலையில் அரசு வேலைக்கு வழி ஒரே ஒரு தேர்வு. விடைத்தாளைத் திருத்தும் எந்திரத்துக்கு எழுதியவர் ஆணா பெண்ணா, பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரா நேற்றுப் பட்டயம் வாங்கியவரா என்பது தெரியாது. தனியார் பள்ளி அனுபவச் சான்றிதழை எத்தனை பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. அனுபவம் உதவும் ஒரே இடம் குழந்தை உளவியல், கற்பித்தல் முறை பற்றிய கேள்விகள். அங்கும் நிஜ வகுப்பறையில் செய்வதை எழுதினால் தவறாகிவிடும், புத்தகத்தில் உள்ளதைத்தான் எழுத வேண்டும் என்று அனுபவசாலிகள் சிரிப்பார்கள்.

பெண்களுக்கான இடஒதுக்கீட்டைப் பற்றி மிகையான கணக்குகள் உலவுகின்றன. அரசுப் பணி நேரடி நியமனத்தில் பெண்களுக்கு 30 விழுக்காடு என்பது 1989இல் வந்தது. அதை 40 ஆக்குவோம் என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தவர் அன்றைய நிதியமைச்சரும் மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினருமான பழனிவேல் தியாகராஜன். பழைய 30 கணக்கிலேயே நூறு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பெண்களுக்கு மட்டும். மீதி 70 "பொது", அதாவது ஆண்களுக்கு என்று ஒதுக்கியது அல்ல, இருபாலருக்கும் உரியது. தேர்வு எழுத வருகிறவர்களில் பெண்களே அதிகம் என்பதால் அந்த 70லும் அவர்கள் நிறையப் பேர் வருவார்கள். இறுதிப் பட்டியலில் ஆண் பெயர்கள் குறைவாகத் தெரிவதற்கு இதுதான் முதல் காரணம். ஒதுக்கீடு இரண்டாவது. தனி ஒருவருக்கு என்ன வாய்ப்பு என்று பார்த்தால், பொதுச் சுழற்சியில் உங்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது மட்டுமே கேள்வி.

பெண்கள் இவ்வளவு பேர் இந்தப் படிப்புக்கு வந்தது தற்செயல் இல்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது இரண்டு ஆசிரியர், இயன்றவரை ஒருவர் பெண் என்றது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும், வந்தவர்கள் நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அது பலித்தது. அப்படிப் படித்து வந்த பெண்கள்தான் இப்போது ஆசிரியர்கள். நாடு முழுக்க எடுத்தாலும் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள், தமிழ்நாட்டில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். மறுபக்கம், ஆண் பிள்ளைகளை இந்தப் பட்டயத்துக்கு அனுப்புவதையே வீடுகள் நிறுத்திவிட்டன. 2009 ஜூன் முதல் தேதிக்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம், அதற்கு முதல் நாள் வரை சேர்ந்தவரைவிட அன்றைக்கே 3,170 ரூபாய் குறைவாக வைக்கப்பட்டது. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று இன்றுவரை போராட்டம் ஓயவில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் "வாத்தியார் மாப்பிள்ளை" என்ற சொல்லுக்கு இருந்த மவுசு போய் நாளாயிற்று.

சரி, தேர்வில் தேறினால் இடம் இருக்கிறதா? இங்கேதான் பெரிய கணக்கு இருக்கிறது. ஆண், பெண் பேச்சில் இது காணாமல் போகிறது.

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று, 120 வரை நான்கு. தமிழ்நாட்டில் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை) 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் 1.4தான். அதாவது ஒரு தலைமுறைக்குப் பதில் அடுத்த தலைமுறை முழுதாகப் பிறப்பதில்லை. பிறக்கிறவர்களிலும் ஒரு பங்கு ஆங்கில வழிப் பள்ளி வேனில் ஏறிவிடுகிறது. கொட்டாம்பட்டி, சேடப்பட்டி, டி.கல்லுப்பட்டி ஒன்றியங்களில் நாற்பது, முப்பது, இருபது பிள்ளைகளோடு நடக்கும் பள்ளிகள் ஏராளம். அங்கெல்லாம் தலைமை ஆசிரியரையும் சேர்த்து இரண்டே பேர். பிள்ளைகள் 61இலிருந்து 59க்கு இறங்கினால் மூன்றாவது ஆசிரியர் "உபரி". பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார், புதிய காலியிடம் எழாது.

அப்படி ஓர் ஈராசிரியர் பள்ளியில் காலையில் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். காலை உணவு முடிந்து தட்டுகள் கழுவிக்கொண்டிருக்கும்போதே தலைமை ஆசிரியர் செயலியில் வருகையைப் பதிவேற்ற சிக்னலுக்காக வேப்பமரத்தடிக்கு வருவார். மற்றவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து, அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப்படி, கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேலை கொடுப்பார். நான்கும் ஐந்தும் பக்கத்து அறையில். அவர்களிடம் ஒரு கண். பதினொரு மணிக்கு வட்டார வள மையத்திலிருந்து அழைப்பு வந்தால் ஒருவர் கிளம்ப வேண்டியதுதான். மீதி இருக்கும் ஒருவர் ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர். இந்த நெருக்கடியைப் பலவகுப்புக் கற்பித்தலில் பழகிய அனுபவசாலி சமாளிக்கும் அளவுக்குப் புதியவர் சமாளிக்க மாட்டார். தேர்வு முறை அனுபவத்தைக் கண்டுகொள்ளாதது நியாயம்தானா என்ற கேள்வி எனக்கு எழுவது இந்த இடத்தில்தான்.

தென் மாவட்டங்களில் இடம் குறைவு, ஆட்கள் அதிகம். காலியிடங்கள் பெரும்பாலும் வடக்கே இருக்கின்றன: திருவண்ணாமலை, விழுப்புரம், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். கலந்தாய்வில் மதுரைக்காரருக்கு மதுரை கிடைப்பது அபூர்வம். மாறுதல் வாங்கித் திரும்பி வரப் பல ஆண்டு ஆகும்.

திருமங்கலத்துக்காரர் ஒருவருக்கு 45 வயதில் ஜவ்வாது மலைப் பக்கம் நியமனம் கிடைக்கிறது என்று கற்பனை செய்துகொள்வோம். ஆரம்ப அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய், அகவிலைப்படி சேர்ந்து கைக்கு முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். குடும்பம் இங்கே, அவர் அங்கே. இரண்டு வாடகை, இரண்டு சமையல், மாதம் ஒருமுறை பேருந்து. ஓய்வு வயது 60. பதினைந்து ஆண்டுப் பணி. 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இல்லை. ஆனாலும் போய்ச் சேர்ந்தால் நல்லது என்பதே என் கருத்து. தனியார் பள்ளியில் அதே பதினைந்து ஆண்டு இருந்தால் கிடைப்பதோடு ஒப்பிட்டால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமில்லை. 55 வயதில் இதே முடிவு சரியா என்றால், அது வீட்டு நிலையைப் பொறுத்தது. விதி 58 வரை அனுமதிக்கிறது என்பதற்காக எல்லோரும் ஓடத் தேவையில்லை.

இனி தனியார் பள்ளி. இங்கே அனுபவம் என்ற சொல்லுக்கு மரியாதை உண்டு, விலை கிடையாது. நேர்காணல் எப்படி நடக்கும் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். தாளாளர் அறையில் ஏ.சி. ஓடும். பயோடேட்டாவைப் புரட்டிவிட்டு, "பதினாலு வருஷமா? நல்லது சார். பிரைமரிக்கு நாங்க மிஸ்ஸுங்களத்தான் போடுறது. பேரன்ட்ஸ் அப்படித்தான் கேக்குறாங்க. ஆறாவதுக்கு மேல மேத்ஸ் எடுப்பீங்களா?" என்பார். எடுப்பேன் என்றால் அடுத்த கேள்வி: "காலையில வேன் ரூட் ஒண்ணு பாத்துக்கிட முடியுமா?" சம்பளப் பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

இதில் மூன்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது, உடை மாற்றுவது போன்ற வேலைகளைப் பெண்களே செய்யட்டும் என்ற எண்ணம். இரண்டு, 2012இல் போக்சோ சட்டம் வந்த பிறகு, பள்ளிகளில் நடந்த குற்றங்கள் அடுத்தடுத்து வெளியே வர வர, நிர்வாகங்களுக்கு ஏற்பட்ட பயம். குழந்தைகளின் பாதுகாப்பை முன்னிறுத்துவதில் தவறே இல்லை. ஆனால் கேமரா, இருவர் இருக்கும் அறை, புகார்க் குழு என்று முறையான ஏற்பாடு செய்வதற்குச் செலவாகும். ஆண்களை எடுக்காமல் விடுவதற்குச் செலவே இல்லை. மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: குறைந்த சம்பளத்துக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் என்பதற்காக வர ஒப்புக்கொள்ளும் படித்த பெண்கள் கிடைக்கிறார்கள். குடும்பத்தைத் தாங்கும் ஆண் அதே சம்பளத்துக்கு நீடிக்க மாட்டார் என்று நிர்வாகம் கணக்குப் போடுகிறது. "பெண்களுக்கு முன்னுரிமை" என்பது அந்த இடத்தில் பெண்ணுக்கும் நல்லது செய்வதில்லை. அவருடைய உழைப்பு மலிவு என்பதற்கு அது ஒரு கௌரவமான பெயர்.

மத்திய அரசுப் பள்ளிகள் பக்கம் போகலாமா என்றால், நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் கேந்திரிய வித்யாலயா உண்டு. தொடக்க ஆசிரியருக்கு அங்கே வயது வரம்பு 30. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவருக்குச் சில ஆண்டு தளர்வு, பெண்களுக்குப் பத்தாண்டு. 42 வயது ஆணுக்கு விண்ணப்பமே போட முடியாது. பெண்கள் ஒதுக்கீட்டை விட்டால், ஆண் என்பதற்காகச் சட்டப்படியே கதவு குறுகும் இடம் என்று தேடினால் எனக்குக் கிடைத்தது இதுதான்.

அரசு உதவி பெறும் பள்ளிகள் அரசு, தனியார் இரண்டுக்கும் நடுவே இருக்கின்றன. அமெரிக்கன் மிஷன் 1834இல் மதுரைக்கு வந்தது முதல் கட்டிய பள்ளிகள், கத்தோலிக்கத் திருச்சபையின் பள்ளிகள், சௌராஷ்டிர சமூகத்தின் பள்ளிகள், உறவின்முறை எனப்படும் சமூகச் சங்கங்களின் பள்ளிகள் என்று இந்தப் பக்கத்தில் அவை அதிகம். அரசுச் சம்பளம், நியமனம் நிர்வாகத்தின் கையில். ஆண்களை எடுக்கத் தயக்கம் குறைவு, அனுபவத்தையும் பார்ப்பார்கள். ஆனால் இடம் காலியானாலும் மாணவர் எண்ணிக்கை காட்டி அனுமதி வாங்க வேண்டும், அதே நிர்வாகத்தில் உபரி ஆசிரியர் இருந்தால் அவருக்குத்தான் முதலிடம். அதற்கும் பிறகு "டொனேஷன்" பேச்சு. அதை நம்பி நிலத்தை விற்றுவிட்டு, நியமன ஒப்புதல் வராமல் வழக்குக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் படியேறுகிறவர்களும் உண்டு. பணத்தைக் கொடுத்ததற்கு ரசீது இருக்காது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டிப் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளை விட்டுவிடக் கூடாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் காலத்தில், 1920களில் தொடங்கியவை. இன்றும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இல்லை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாக நடக்கின்றன, இணை இயக்குநர் அலுவலகம் மதுரையிலேயே. நியமனம், மாறுதல் எல்லாம் தனி வழி. தேர்வு அறிவிக்கை வரும்போது பலர் ஒரே பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். துறைவாரியாக இடம் பிரித்திருக்கிறதா என்று அந்தப் பக்கங்களையும் படிக்க வேண்டும்.

தற்காலிக வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் ஆசிரியர்களை எடுக்க அரசு முடிவெடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு முதலில் சொன்ன சம்பளம் மாதம் 7,500 ரூபாய், எதிர்ப்புக்குப் பின் 12,000. 2012இல் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களாக 16,549 பேரை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், நிரந்தரம் கேட்டு இன்னும் போராடுகிறார்கள். தொகுப்பூதியத்தில் (மாதம் ஒரே நிலையான தொகையில்) சேர்ந்தவர்களை 2006இல் நிரந்தர ஆசிரியருக்குரிய காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்த கதையை நினைத்துக்கொண்டு இன்று சேருகிறவர்கள், அந்தக் கதை அதற்குப் பிறகு திரும்ப நடக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

புதிதாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. "தேறாதவங்க போனா அத்தனை இடமும் நமக்கு" என்று பயிற்சி மையங்கள் கணக்குச் சொல்கின்றன. தமிழ்நாடு அரசு சீராய்வு மனுப் போட்டது. இத்தனை ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்ப எந்த அரசும் துணியாது. அப்படியே இடம் காலியானாலும் முதலில் பணிநிரவல், பிறகுதான் புது நியமனம். இந்தக் கணக்கை நம்பிக் கையிலிருக்கும் வேலையை விடுவது புத்திசாலித்தனம் இல்லை.

அப்படியானால் நாற்பதுக்கு மேலான ஆணுக்கு எது சாத்தியம்? பட்டமும் பி.எட்.டும் சேர்த்து வைத்திருப்பவர் டெட் இரண்டாம் தாளையும் எழுத வேண்டும். ஆறு முதல் எட்டு வரை தனியார் பள்ளிகளில் ஆண்களுக்கு வரவேற்பு கூடுதல், அரசிலும் அது இன்னொரு வழி. 2024 பிப்ரவரியில் நடந்த பட்டதாரி ஆசிரியர் தேர்வும் அந்த வழியில் வந்ததுதான். பட்டயம் மட்டும் இருப்பவருக்கு அடுத்த இடைநிலை ஆசிரியர் தேர்வு. நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவில் பள்ளிப் பாடநூல்களுக்குக் கோடிட்டுக்கொண்டிருக்கும் நரைத்த தலைகளைப் பார்க்கலாம். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். இருபத்து மூன்று வயதுக்காரரோடு போட்டி போட இவர்களுக்கு நேரம்தான் இல்லை, மற்றபடி பாடம் தெரியும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக் காலம் தொட்டே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஊர்ப் பள்ளியில் தொடங்கி அரசுப் பயிற்சி நிறுவனம் வரை தமிழிலேயே படித்த மூத்த ஆண்களுக்கு இது அப்படியே பொருந்தும், ஆங்கில வழியில் படித்து வரும் இளையவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்றாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். படித்த தொடக்கப் பள்ளி மூடப்பட்டோ வேறொன்றோடு இணைக்கப்பட்டோ இருந்தால், அதன் சேர்க்கைப் பதிவேடு எங்கே போனது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, பழைய பீரோவைத் திறக்கவைத்து, தன் பெயர் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அறிவிக்கை வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் விண்ணப்பக் கெடு முடிந்துவிடும். ஆகவே வாங்குகிற சான்றை இப்போதே போய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.